மஞ்சள் விளக்கும் உப்புத் தண்ணீரும்

அன்புள்ள மருமகனுக்கு,

மீன் வண்டியின் மீட்டர் போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரிகிறது என்றும், பட்டறையில் காட்டியபோது ஏ.பி.எஸ். பெட்டியையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். அப்பா கடன் வாங்கப் போவதற்கு முன் இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டு. ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருக்கிற உனக்கு இது பாடமாகவும் இருக்கட்டும். உங்கள் ஊர் தோணிரேவில் ஓடுகிற வண்டியில் இந்த விளக்கு எரிந்தால் என் சந்தேகம் முதலில் பெட்டி மேல் போகாது. பின்சக்கரத்துக்குப் போகும் ஒயர் மேலும் அதன் கப்ளர் மேலும்தான் போகும்.

எந்த விளக்கு எரிகிறது என்பதைச் சரியாகப் பார். மஞ்சள் விளக்கு மட்டும் என்றால் சாதாரண பிரேக் வேலை செய்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு மட்டும் நின்றிருக்கிறது. மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இருக்கிறதா என்று பார். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுக் கிளம்பிவிடாதே. பேட் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் எங்கோ கசியும்; அதைக் கண்டுபிடி. ஹேண்ட் பிரேக்கும் ஆயிலும் சரியாக இருந்தும் இரண்டு விளக்கும் எரிகிறதா? முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் இ.பி.டி.யும் சேர்ந்து நின்றிருக்கலாம். அந்த நிலையில் வண்டியில் சரக்கு ஏற்றவே வேண்டாம்.

சாவியைத் திருப்பியதும் விளக்கு ஒருமுறை எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் யாராவது உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் இதை மறக்காமல் பார். பல்பைப் பிடுங்கிவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு என்ன செய்கிறது என்பது தெரிந்தால்தான் கோளாறைத் தேட முடியும். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் சுற்றாமல் ரோட்டில் வழுக்க ஆரம்பித்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஏ.பி.எஸ். பெட்டி சக்கரங்களின் வேகத்தை ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஏதாவது ஒரு சக்கரம் மற்றவற்றைவிடச் சட்டென்று வேகம் இழந்தால், அதற்குப் போகும் ஆயில் அழுத்தத்தைப் பிடித்து, விட்டு, மறுபடி கொடுக்கும். ஒரே விநாடிக்குள் இது பல முறை நடக்கும். பெடல் காலடியில் அதிர்வது அதனால்தான். விமானங்களில் தொடங்கிய இந்த உத்தியை, போஷ் நிறுவனம் 1978ல் மின்னணுக் கட்டுப்பாட்டோடு மெர்சிடீஸ் எஸ் கிளாஸ் காரில் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கும், 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கும் கட்டாயம்.

என்னைக் கேட்டால், காரைவிடப் பிக்கப்புக்குத்தான் இது அதிகம் தேவை. காசிமேட்டில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கம் பாரமே இருக்காது. பிரேக் போட்டதும் எடை முன்னால் சாயும். பின்சக்கரம் லேசாகிப் பூட்டிக்கொள்ளும், வால் பகுதி ஒரு பக்கமாக வீசும். மீஞ்சூர் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் வால் வீசினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபோர்டு நிறுவனம் 1987ல் எஃப்-150 பிக்கப்பில் ஏ.பி.எஸ். கொடுத்தபோது பின்சக்கரங்களுக்கு மட்டும் கொடுத்ததும் இந்தக் காரணத்தால்தான்.

சக்கரத்தின் வேகம் பெட்டிக்கு எப்படித் தெரிகிறது? ஹப்பில் பல் வெட்டிய இரும்பு வளையம் ஒன்று சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தள்ளி, விரல் நுனி அளவில் சென்சார் இருக்கும். பழைய வகை சென்சாருக்குள் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய காயிலும் உண்டு. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் காயிலில் சிறிதளவு மின்சாரம் பிறக்கும். வேகம் கூடினால் வோல்டேஜும் கூடும். புதிய வகைக்குப் பெட்டியிலிருந்து கரன்ட் வர வேண்டும். அது 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என்று இரண்டு நிலைகளில் மாறி மாறிச் செய்தி அனுப்பும். அந்த வகையில் பல் வளையத்துக்குப் பதிலாகப் பேரிங்கின் சீலிலேயே காந்தப் பட்டை பதித்திருப்பதும் உண்டு. எந்த வகையானாலும் அந்த இரண்டு ஒயர்களில் ஓடுவது மிகச் சிறிய மின்சாரம். அதைக் கெடுக்கக் கொஞ்சம் உப்பு போதும்.

உப்புக்கு நம் ஊரில் பஞ்சமா? உன் வண்டியில் ஏறுவது மடவையும் இறாலும் நண்டும். கூடவே ஐஸ். வண்டி பொன்னேரி தாண்டுவதற்குள் ஐஸ் உருகி, மீன் கழுவிய தண்ணீரோடு சேர்ந்து, பலகை இடுக்கு வழியாகப் பின் ஆக்சில் மேல் சொட்ட ஆரம்பித்துவிடும். ஊர் திரும்பியதும், கடலோடு சேரும் உங்கள் ஊர் ஏரித் தண்ணீரையே வாளியில் மொண்டு வண்டியைக் கழுவுகிறீர்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் ஏரி கடலைவிடக் கரிக்கும் என்பது உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், காய்ந்த பிறகும் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் சரக்கு ஏற்றும்போது விளக்கு எரிந்து, வெயில் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்தால் அணைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா? அந்த ஒரு வரியிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. பெட்டி கெட்டிருந்தால் வெயிலுக்கும் பனிக்கும் இப்படி மாறுவது அபூர்வம். கப்ளருக்குள் ஈரம் புகுந்திருக்கிறது.

அமெரிக்காவில் பனிக்காலத்தில் சாலையில் உறைந்த பனி உருகுவதற்காக உப்பைக் கொட்டுவார்கள். அங்கே 2005ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 1999 முதல் 2002 வரையான மாடல்களில் சுமார் 8 லட்சம் பிக்கப்புகளையும் எஸ்.யூ.வி.களையும் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. முன் ஹப்பில் சென்சார் உட்காரும் இடம் துருப்பிடித்து, அந்தத் துரு பருத்து, சென்சாரை வளையத்திலிருந்து மெல்லத் தூக்கிவிட்டது. இடைவெளி கூடியதும் மெதுவான வேகத்தில் சிக்னல் கிடைக்கவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டது என்று பெட்டி முடிவு செய்து, வண்டி நிற்கப் போகிற நேரத்தில் பிரேக்கைத் தளர்த்தியது. உப்பு இரும்பைத் தின்கிற விதம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். காய்ந்த ரோட்டில், வண்டி நிற்பதற்குச் சற்று முன்னால் உன் பெடல் காரணமில்லாமல் அதிர்ந்தால், விளக்கு எரியாவிட்டாலும் சென்சாருக்கு அடியில் துரு இருக்கிறதா என்று பார்.

இனி தேடும் வழி. கோளாறைக் குறிக்கும் எண்ணை, அதாவது கோடை, ஸ்கேனரில் படிக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கிற சின்ன ரீடர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோடை மட்டும்தான் காட்டும். ஏ.பி.எஸ். படிக்கிற ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போ. சி0035 முன் இடது, சி0040 முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது என்பவை பொதுவான எண்கள். சில கம்பெனிகள் தங்கள் எண்ணையே வைத்திருக்கும், மேனுவலில் பார்த்துக்கொள். அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள். ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்: திரையில் ஒரு சக்கரத்து சென்சாரின் பெயர் வந்தால் அந்த சென்சார் கெட்டுவிட்டது என்று பொருள் கிடையாது. சென்சார், வளையம், பேரிங், ஒயர், கப்ளர், பெட்டியின் இணைப்புப் பின் என்று அந்தச் சக்கரத்துக்கான சுற்றில் எங்கோ கோளாறு என்றுதான் பொருள். இதை மறந்துவிட்டு சென்சாரை மாற்றி, அதுவும் சரிவராமல் பெட்டியை மாற்றி, கடைசியில் நூறு ரூபாய் ஒயரில் வந்து நிற்கிற வண்டிகளைப் பட்டறையில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்டு வை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையோ தலையோ போகக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி நிலையாக இருக்காது. பிறகு சென்சார் ஒயரை அது புறப்படும் இடத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே வா. சேஸியில் உரசிய இடம், கிளிப் விட்டுப்போய் டிரம் பக்கம் தொங்குகிற இடம், எலி கடித்த இடம் எல்லாம் கைக்குத் தட்டுப்படும். கப்ளரைக் கழற்று. உள்ளே பின்கள் பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் அதுதான் நீ தேடுவது. ஆனால் அதோடு நிற்காதே. உப்பு நீர் ரப்பர் உறைக்குள் செம்பு இழைகளின் ஊடாக ஏறிப் போகும். உறையைக் கொஞ்சம் சீவிப் பார்த்தால் இழை கறுத்திருக்கும். செம்பு பளபளக்கிற இடம் வரும் வரை வெட்டித்தான் இணைக்க வேண்டும்.

கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் மல்டிமீட்டரை எடு. பழைய வகை சென்சாரில் இரண்டு பின்களுக்கு இடையே பெரும்பாலும் 1,000 முதல் 2,000 ஓம் வரை காட்டும். இந்த எண்ணைவிட, நன்றாக இருக்கிற மறுபக்கத்து சென்சாரோடு ஒப்பிடுவதே எனக்கு நம்பகமான வழி. ஒவ்வொரு பின்னுக்கும் பாடிக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. மீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்டில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் எண் எழும்ப வேண்டும். இதைச் செய்யும்போதே ஒயரை அங்கங்கே ஆட்டிப் பார். எண் துள்ளினால் முறிவு அந்த இடத்தில் இருக்கிறது. புதிய வகையில் ஓம் பார்த்துப் பயன் இல்லை. சாவியை ஆன் செய்து, பெட்டியிலிருந்து வரும் கப்ளரில் சப்ளை வருகிறதா என்று பார். வந்தால், இடது வலது சென்சார்கள் ஒரே மாதிரியாக இருக்கும் பட்சத்தில் இடம் மாற்றிப் போட்டு, கோடும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார். மாறினால் சென்சார்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஒயரிலோ வளையத்திலோ பேரிங்கிலோ இருக்கிறது. காந்தப் பட்டை உள்ள பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் புது சென்சாரும் ஊமையாகத்தான் இருக்கும்.

ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. அப்பா ஓட்டட்டும், நீ ஸ்கேனர் திரையைப் பார். நேர் ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு எண்களும் ஒட்டியே போக வேண்டும். வேகம் குறையும்போது ஒன்று மட்டும் முன்கூட்டியே சைபருக்கு விழுந்தால் அந்தச் சக்கரம். ஒன்று எப்போதும் கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டினால் டயர் அளவைப் பார். வேறு சைஸ் டயர் ஒன்று மாட்டியிருந்தாலும் இந்த விளக்கு எரியும். எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் வந்தால் சக்கரங்களை விட்டுவிட்டு ஃபியூஸ், பேட்டரி வோல்டேஜ், எர்த் ஒயர் பக்கம் போ. இத்தனையும் சரி என்று உறுதியான பிறகு மட்டுமே பெட்டியைப் பற்றிப் பேசலாம்.

துருவால் இறுகிய சென்சாரைச் சுத்தியலால் தட்டாதே, நுனி உடைந்துவிடும். ரஸ்ட் ஆயில் விட்டு ஊறவைத்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து எடு. உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவு. பழைய வகையின் நுனியில் காந்தம் இழுத்த இரும்புத் தூள் ஒட்டியிருக்கும், துணியால் துடை. ஒயரில் இணைப்புப் போடுவதானால் சக்கரத்தோடு ஆடுகிற பகுதியில் போடாதே. சேஸி ஓரமாக, அசையாத இடத்தில் போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கி மூடு. கப்ளருக்குள் மின் இணைப்புக்கென்று விற்கிற சிலிக்கான் கிரீஸ் வை.

இவ்வளவும் செய்துவிட்டு மறுபடியும் ஆக்சில் மேல் உப்புத் தண்ணீர் சொட்டினால் அடுத்த கோடையில் இதே கடிதத்தை நான் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பாடித் தரையின் இடுக்குகளை அடைத்து, பின் ஓரத்தில் ஒரு குழாய் வைத்து, உருகும் தண்ணீரை ஒரு கேனில் பிடியுங்கள். பின்னால் வருகிற பைக்காரர் அந்த வழுக்கல் தண்ணீரில் விழாமல் இருப்பார் என்பதற்காகவாவது இதைச் செய்ய வேண்டும். வண்டியைக் கழுவ ஏரித் தண்ணீர் வேண்டாம். நல்ல தண்ணீரில், முக்கியமாக அடிப்பாகத்தைக் கழுவுங்கள்.

பட்டறைக்கு வண்டியை மறுபடி விடுவதற்கு முன் பின்சக்கரத்துக் கப்ளர் இரண்டையும் கழற்றிப் பார்த்து, உள்ளே இருப்பதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கோடு எண்ணையும் எழுது. விளக்கு அணையும் வரை, சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது 40க்கு மேல் போக வேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
மாமா