நீரின் நினைவும் சுழலும் இதழும்

கல்லூரி விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதுவதாயின் இலக்கிய நயமோ இலக்கணக் குறிப்போ எழுதுவார் என்று பழைய மாணவரும் இன்றைய மாணவரும் எதிர்பார்த்திருப்பர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது குருமண்வெளித் துறையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

மண்டூர்க் கந்தன் திருவிழாக் காலம். வாவியைக் கடப்பதற்கு வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகொன்றில் ஏறினோம். எம்மிடம் தமிழ் பயின்று, உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்கும் இளைஞர் ஒருவரும் உடனிருந்தார். படகின் பலகையிற் கைவைக்க இயலாதவாறு அது அதிர்ந்தது. படகோட்டி அவரை நோக்கி, “படிச்ச பிள்ளைதானே மனே, இது ஏன் இப்பிடி உதறுது?” என்று வினவினார். இளைஞர் வாய்திறந்தார். ‘லிப்ற்’, ‘வோர்ட்டெக்ஸ்’, ‘அன்ஸ்டெடி’ என மூன்று சொற்கள் வெளிவந்தன, பின்னர் மௌனம். படகோட்டி சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குத் தமிழ் கற்பித்தவர் யாம் அல்லமோ?

அவ்விடுமுறையில் அவரை எம் வீட்டுத் திண்ணையில் இருத்தி, அவர் ஆங்கிலத்திற் கற்றதைத் தமிழில் எமக்குக் கற்பிக்குமாறு கேட்டோம். இம்முயற்சி எம் நாட்டுக்குப் புதிதன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டம் பெற்றவர். 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். யாழின் நரம்பையும் கணிதத்தையும் ஒருங்கே ஆராய்ந்த அவர் உலாவிய வாவிக்கரையில், ஓர் இயந்திரத்தின் உதறலைத் தமிழிற் சொல்ல இயலாது என்று விட்டுவிட எமக்கு மனம் ஒப்பவில்லை.

வாவியின்மேல் வட்டமிடும் செம்பருந்தை நோக்குக. சிறகை அசையாது விரித்திருந்தும் அது விழுவதில்லை. சற்றே சாய்ந்த சிறகின் மேற்புறத்திற் காற்று விரைந்தும் கீழ்ப்புறத்தில் மெல்லவும் செல்கின்றது. மேலே அழுத்தம் குறைய, சிறகு மேல்நோக்கித் தள்ளப்படுகின்றது. இதுவே தூக்குவிசை. இவ்விரு வேகங்களின் வேறுபாட்டைச் சிறகைச் சுற்றி ஓடும் ஒரு சுற்றோட்டமாகக் கருதலாம் என்பதை ஜெர்மனியிற் குட்டா என்பவர் 1902இலும் உருசியாவிற் சுக்கோவ்ஸ்கி என்பவர் 1906இலும் கணிதத்தால் நிறுவினர்.

இயந்திரத்தின் அடியிற் சுழலும் விசிறியின் ஒவ்வோர் இதழும் இத்தகைய சிறகே. காற்றிற் செல்லாது நீரிற் சுற்றி வருகின்றது. அதன் தூக்குவிசை படகை முன்னே உந்துகின்றது. “எதையும் தூக்காத விசைக்குத் தூக்குவிசை என்ற பெயர் பொருந்துமா?” என்று யாம் கேட்டோம். ஆங்கிலத்திலும் அதே பொருத்தமின்மை உண்டென்று இளைஞர் கூறவே, அப்பெயரையே வைத்துக்கொண்டோம்.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். ஓய்ந்திருந்த சிறகு திடீரெனப் புறப்படுமாயின் முழுத் தூக்குவிசையும் அக்கணமே தோன்றுமா? தோன்றாது. துடுப்பைச் சற்றுச் சாய்த்து நீரிற் சட்டென வீசிப் பாருங்கள். அதன் விளிம்பிலிருந்து ஒரு சிறு சுழி கழன்று நிற்பதைக் காண்பீர்கள். சிறகைச் சுற்றி எவ்வளவு சுற்றோட்டம் உண்டாகின்றதோ, அவ்வளவும் எதிர்த்திசையிற் சுழலும் ஒரு சுழியாக நீரில் விடப்படுதல் வேண்டும். அச்சுழி அண்மையில் இருக்கும்வரை சிறகின் விசையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். வாக்னர் என்பவர் 1925இல் இதனைக் கணித்தார். தொடக்கத்தில் உள்ள தூக்குவிசை இறுதி அளவிற் பாதியே. சிறகு தன் அகலத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு தூரம் சென்ற பின்னரே பத்தில் ஒன்பது பங்கை எட்டும். நீர் நடந்ததை உடனே மறப்பதில்லை. இக்கணத்து விசையை அறிவதற்கு இக்கணத்து வேகமும் சாய்வும் போதா. முன்பு விட்ட சுழிகளின் கணக்கும் வேண்டும். இக்கணக்கை உடன்கொண்டு செல்வதே நிலையா ஓட்டக் கொள்கை. விமானச் சிறகு படபடத்து முறிவதை ஆராய்ந்த தியோடோர்சன் 1935இலும், வான் கார்மனும் சியர்சும் 1938இலும் இதனை வளர்த்தனர்.

விமானச் சிறகு நீண்டு ஒடுங்கியது. ஆதலின் பிராண்டில் என்னும் பேரறிஞர், முதல் உலகப் போர்க் காலத்தில், அதனை ஒரே கோடாகக் கருதிக் கணித்தார். படகு விசிறியின் இதழோ அரசிலைபோல் அகன்றது. கோடு போதாது, பரப்பு வேண்டும். தூக்குபரப்பு என்னும் சொல்லின் தேவை இங்கேதான் எழுகின்றது. 1960களில் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவகத்திற் சக்கோனாஸ், ஜேக்கப்ஸ் என்போரும், 1978இற் கெர்வின், லீ என்போரும் கப்பல் விசிறிக்கு இம்முறையைக் கணினிவழிச் செய்துகாட்டினர். பின்னவர் இருவரும் கையாண்ட வழி எம் மீனவர்க்கு எளிதில் விளங்கும். இதழின்மேல் ஒரு வலையை விரித்ததாகக் கொள்க. வலையின் ஒவ்வோர் இழையும் ஒரு சுழியிழை. அதன் வலிமை தெரியாது. ஒவ்வொரு கண்ணின் நடுவிலும் நீர் இதழை ஊடுருவிச் செல்லலாகாது என்பது விதி. கண்கள் எத்தனையோ அத்தனை சமன்பாடுகள்; தீர்த்தால் வலிமைகள் கிடைக்கும். அடுத்த கணத்தில் இதழ் சற்று நகர, பின்விளிம்பிலிருந்து ஒரு வரிசை இழை கழன்று நீரில் தங்கிவிடும். நீரின் நினைவு என யாம் கூறியது அக்கழன்ற வரிசைகளையே.

படகோட்டியின் வினாவுக்கு மீள்வோம். விசிறிக்கு முன்னே இயந்திரத்தின் கால் நீரினுள் இறங்கி நிற்கின்றது. அதன் பின்னால் மந்தநீர்ப் பட்டை ஒன்று இழுபட்டு வருகின்றது. இதழ் அப்பட்டையினுட் புகும்போது முன்னோக்கிய நீரோட்டம் குறைய, நீர் இதழைச் சந்திக்கும் கோணம் பெரிதாகின்றது, விசை கூடுகின்றது. வெளியேறும்போது குறைகின்றது. விசிறி நிமிடத்துக்கு 1,800 முறை சுழல்வதாகவும் அதற்கு மூன்று இதழ்கள் இருப்பதாகவும் கொள்வோம். செக்கனுக்கு 30 சுற்று. ஆகவே 90 தட்டு. பலகை வழியே நாம் உணரும் முரற்சி அதுவே. நினைவற்ற பழைய கணக்கின்படி பார்த்தால் இத்தட்டுக்கள் மெய்யிலும் பெரியனவாகத் தோன்றும். மெய்யில், விசை முற்றும் வளருமுன்னரே பட்டை கடந்துபோய்விடும். தட்டுச் சிறுத்தும் சற்றுக் காலம் தாழ்த்தும் வரும். பெருங் கப்பல்களின் விசிறி இதழை வேளாண்மை வெட்டும் தாக்கத்திபோல் வளைத்துச் செய்வதும் இது பற்றியே. அவ்வாறாயின் இதழ் முழுவதும் ஒரே கணத்தில் மந்தநீரிற் புகாது. அடியும் நுனியும் ஒன்றன்பின் ஒன்றாகப் புகும்.

ஆயினும் 90 தட்டு முரலுமேயன்றிக் கையை உதறாது. எம் வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடப்பினும் பெரும்பாலும் ஆழமற்றது. கல்லிலும் நட்ட கம்பிலும் விசிறி மோதுதல் வழக்கம். ஓர் இதழ் வளைந்துவிட்டால் அதன் விசை மற்றை இரண்டனோடு ஒவ்வாது. அப்போது சுற்றுக்கு ஒன்றாகச் செக்கனுக்கு 30 உதறல் எழும். அது தடித்தது, ஆணியையும் தளர்த்துவது.

மறுமுறை அத்துறைக்குச் சென்றபோது அதே படகோட்டி இருந்தார். இளைஞர் மணலில் விரலாற் கோடு கீறி, இவை யாவற்றையும் ஓர் ஆங்கிலச் சொல்லுமின்றிக் கூறினார். “மாமா, இரண்டு நடுக்கம் இருக்கு” என்றுதான் தொடங்கினார். படகோட்டி இயந்திரத்தை உயர்த்தி, மூன்று இதழ்களையும் விரலால் தடவிப் பார்த்தார். இரண்டாவதன் நுனி மடிந்திருந்தது.

“அப்ப இத நிமித்தினா உதறல் நிக்கும், முரல்றது நிக்காது. அப்பிடித்தானே சேர்?” என்று எம்மை நோக்கிக் கேட்டார்.

அப்படித்தான் என்றோம்.