கண்ணோடு வரும் கறுப்பு நூல்

சென்ற மாதம் தணிக்கை நிமித்தம் மதுரையை அடுத்த ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்றிருந்தோம். அறுபது வயதை எட்டிய அங்கத்தினர் ஒருவர் தறியில் அமர்ந்து, பாவின்மேல் இல்லாத ஒரு நூலை விரலால் நீக்க முயன்றுகொண்டிருந்தார். வினவியபோது, "நான்கு நாளாய்க் கறுப்பு நூலொன்று கண்ணோடு கூடவே வருகிறது, ஐயா. இருட்டில் மின்னலும் அடிக்கிறது. புரையாக இருக்கும், அடுத்த முகாமில் காட்டிக்கொள்ளலாம்" என்றார். சேலையை முடித்தால்தான் கூலி என்ற கவலை அவருக்கு.

அது புரையன்று. விழியுருண்டையின் பெரும்பகுதியை நிரப்பி நிற்பது, நுங்கைப்போல் தெளிந்த ஒரு கூழ். மருத்துவர்கள் அதனை விட்ரியஸ் என்பர். ஏறத்தாழ 4 மில்லி லிட்டர் அளவுள்ள அதில் நூற்றுக்கு 98 பங்கு நீரே. மிக நுண்ணிய இழைகள் ஊடே ஓடி அதற்கு உருவம் தருகின்றன. வயது ஏற ஏற இழைகள் திரண்டு, நீர் பிரிகிறது. அத்திரளின் நிழல் விழித்திரையில் விழுவதையே நூலென்றும் கொசுவென்றும் காண்கிறோம். ஐம்பதைக் கடந்த பலருக்குக் கூழ் சுருங்கி, விழித்திரையை விட்டே விலகும். அப்போது திரையை இழுப்பதனால் தோன்றுவதே அந்த மின்னல். பெரும்பாலோர்க்கு இவ்வளவோடு சரி, நாளடைவில் பழகிவிடும்.

ஆனால் கூழ் இறுகப் பற்றியிருந்த இடத்தில் சிலருக்குத் திரை கிழிந்துவிடுகிறது. கண்மாய்க் கரையில் நண்டு வளை விழுந்தால் என்ன நேரும் என்பதை உழவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. கிழிசல் வழியே நீர் புகுந்து, திரையை அடியிலிருந்து உரித்தெடுக்கும். ஓரத்தில் கரிய சீலை இறங்குவதுபோல் பார்வை மறையும். விழித்திரைக்கு வலி தெரியாது. ஆகவே வலியில்லையே என்று இருந்துவிடுகிறோம்.

கிழிசல் அளவில் கண்டுவிட்டால், அதனைச் சுற்றி லேசர் ஒளியால் தழும்பு உண்டாக்கி ஒட்டிவிடுவர்; பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். உரிந்த பின்னரோ பெரிய அறுவை. கண்ணின் நடுப்பகுதியும் உரிந்துவிட்டால், இழை கோக்கும் கூர்மை முழுதும் திரும்புவது அரிது.

முகாமுக்குக் காத்திருக்கும் வழக்கத்தை நாம் குறை கூறவில்லை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் நடத்தி எத்தனையோ பேருக்குப் பார்வை தந்தது. புரை மாதக்கணக்கில் பொறுக்கும். கிழிசல் பொறுக்காது.

ஆண்டுக்கணக்காக இருந்துவரும் ஓரிரு புள்ளிகளுக்கு அஞ்ச வேண்டாம். திடீரெனப் பொழிந்தாற்போல் புதிய புள்ளிகள், மின்னல், ஓரத்தில் நிழல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே அரவிந்துக்கோ அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ செல்க. கிட்டப்பார்வையுள்ளோரும், புரை அறுவை செய்துகொண்டோரும், நாடா தெறித்துக் கண்ணில் அடிபட்டோரும் கூடுதல் கவனம் கொள்க. பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து இடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்குமாதலால் துணைக்கு ஒருவர் வேண்டும்.

அன்று அம்முதியவரை அவர் மகனுடன் பஸ் ஏற்றினோம். பாதி நெய்த சேலைக்குச் செயலாளர் முன்பணம் கொடுத்தார். நாம் ஆட்சேபக் குறிப்பு எழுதவில்லை. கிழிசல் ஒன்று இருந்ததாம். லேசர் சிகிச்சை அன்றே முடிந்தது. சேலையை மறுவாரம் மகன் நெய்து முடித்தான்.