காரா, எஸ்.யு.வி.யா? ஒரு சின்னக் கணக்கு



எங்க மாமா ஒரகடத்தில் கம்பெனி ஆட்களை ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்கும் டிரைவர். "செடான் ரொம்பத் தாழ்வுடா. மழைத்தண்ணி, ஸ்பீடு பிரேக்கர், கண்டெய்னர் லாரி, எல்லாத்துக்கும் எஸ்.யு.வி.தான் சரி" என்று வண்டியை மாற்றத் துடிக்கிறார்.

அவர் மட்டுமா? இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோவுடன் தொடங்கிய ஹூண்டாய், 2015-ல் கிரெட்டாவைத் தந்தது. ஒரகடத்தில் 2010-ல் மைக்ராவுடன் தொடங்கிய ரெனோ-நிஸான் ஆலையிலிருந்து 2012-ல் டஸ்டர் வந்தது. அதன் தரை இடைவெளி 205 மி.மீ.

ஆனால் உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தை, புவியீர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் வருவது ஸ்டாட்டிக் ஸ்டெபிலிட்டி ஃபாக்டர். உதாரணமாக, அகலம் 1.5 மீட்டர் என்போம்.

மைய உயரம் 0.55 மீ. எனில்: 1.5 ÷ 1.10 = 1.36
மைய உயரம் 0.70 மீ. எனில்: 1.5 ÷ 1.40 = 1.07

எண் குறையக் குறைய, கவிழும் வாய்ப்பு கூடும். வேகமாகத் திரும்பும்போது டயர் சறுக்கி, வண்டி பக்கவாட்டில் மீடியனில் இடித்தால் ஆபத்து. கேரியரில் மூட்டை ஏற்றினால் மையம் இன்னும் மேலே போகும்.

நோட்டில் போட்டுக் காட்டினேன்.

"அப்ப வாங்கவே கூடாதா?"

"வாங்குங்க மாமா. கேரியர்ல லோடு வேணாம். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க. பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம்."

கொஞ்சம் யோசித்தார். "இதையெல்லாம் இப்ப இருக்கிற கார்லயே செய்யலாமேடா!"

செய்யட்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து பின்சீட்டில் தூங்கி வருபவர்கள் நம் சீனியர்கள் ஆயிற்றே!

— இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன்