கியர் பெட்டிக்குள் தண்ணீர்: உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கு ஒரு பாடம்

கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் இரு சக்கர உழவு இயந்திரத்தை இன்றும் ‘லேண்ட்மாஸ்டர்’ என்றே அழைக்கின்றோம். அது முன்னொரு காலத்தில் இங்கு இறக்குமதியான ஒரு பிரித்தானிய இயந்திரத்தின் பெயர். இன்று நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் ஜப்பானிய, சீன இயந்திரங்களே. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 2004 ஆழிப்பேரலையின் பின் இடம்பெயர்ந்த விவசாயிகள் சிலருக்கு இவை கூட்டாகவும் வழங்கப்பட்டன. பெரும்போகத்தின் முதல் மழையில் அந்த ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், அதை நம்பியிருக்கும் அத்தனை குடும்பங்களின் விதைப்பும் நிற்கும். குத்தகைக் காணி செய்பவருக்கோ விளைச்சல் பிந்தினாலும் குத்தகை பிந்தாது.

எஞ்சின் ஒயிலை எல்லோரும் பார்ப்பார்கள். கியர் பெட்டியின் ஒயிலைப் பார்ப்பவர் குறைவு. “கிடக்கிற ஒயில் கிடக்கட்டும் ஃபாதர், விதைப்பு முடியட்டும்” என்று சொல்வோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். ஆனால் இங்கே பகைவன் பழைய ஒயில் அல்ல, தண்ணீர்.

இரும்புச் சில்லுப் பூட்டிச் சேற்றில் உழும்போது அச்சும் அதன் ஒயில் சீல்களும் நீருக்குள் அமிழ்கின்றன. மணலும் சேறும் சீலின் ரப்பர் விளிம்பைத் தேய்க்கின்றன. வேலையில் சூடேறிய பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. ஒயிலோடு தண்ணீர் கடையப்பட்டால் அது பால் தேநீரின் நிறமாகிவிடும். அத்தகைய ஒயில் பற்களுக்கிடையே தங்குவதில்லை. பற்கள் தேயும், பெயாரிங் துருப்பிடிக்கும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வந்தவை போன்ற வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரத்தை, ஒயிலைப் பாராமல் இயக்கவே கூடாது.

சோதிப்பது எளிது. இயந்திரத்தை ஓர் இரவு அசையாமல் நிறுத்துங்கள். காலையில் அடிப்பக்க வடிகால் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானது. தனித்து நிற்கும் நீர் முதலில் சொட்டும். நீர் சொட்டாமல் ஒயில் வெளிறி வந்தாலும் மாற்றவேண்டியதே.

மாற்றுவதற்கு முன் பத்து நிமிடம் இயக்கிச் சூடாக்கினால் ஒயில் இளகி அழுக்கோடு வரும். வெள்ளத்தில் மூழ்கியதை மட்டும் இயக்காமலே வடியுங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில்லுக்குக் கல் வைத்து, அகன்ற பாத்திரத்தில் வடியவிடுங்கள். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை அந்த ஒயிலில் விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டினால் வழமையான தேய்வு. கூரான இரும்புத் துண்டுகள் வந்தால் பல் உடைந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டாமல் மூடவேண்டாம்.

தண்ணீர் கலந்திருந்தால் கொஞ்சம் டீசல் விட்டு, எஞ்சினை இயக்காமல், கல்லை எடுத்து நியூட்ரலில் முன்னும் பின்னும் தள்ளிக் கழுவி, முற்றாக வடித்துவிடுங்கள். தேங்கிய டீசல் புதிய ஒயிலை நீர்க்கச் செய்யும். கசியும் சீலை அப்படியே விட்டு ஒயிலை மட்டும் மாற்றுவது காசைச் சேற்றில் போடுவதாகும்.

எந்த ஒயில்? இயந்திரத்தின் கைநூல் சொல்வதே முடிவு. பலவற்றுக்கு 90 எண் கியர் ஒயில் உரியது. (90 என்பது 40 எண் எஞ்சின் ஒயிலைவிட இரு மடங்கு தடித்ததல்ல, இரண்டும் வெவ்வேறு அளவைகள்.) ஓட்டோ கியர் வேன்களுக்கு விடும் சிவப்பு ஒயில் மெல்லியது, இதற்கு உதவாது. அளவுக்குறிக்கு மேல் ஊற்றினால் ஒயில் நுரைத்துச் சீலைத் தள்ளும்.

கூட்டு இயந்திரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏக்கர் கணக்கில் கூலி பெறும் சாரதிக்கு அவசரம். ஒயில் வாங்கும் பொறுப்போ எவருக்குமில்லை. ஏக்கருக்கு வாங்கும் உழவுக் கூலியில் ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கி, மாற்றிய திகதியை ஒரு கொப்பியில் எழுதிவைக்கும் சங்கங்களில் இந்தச் சண்டை குறைவு. போகத்துக்கு ஒரு தடவை, சூடடிப்பு முடிந்ததும் மாற்றுவது நமது வட்டைகளுக்குப் பொருத்தமென்று கருதுகிறோம்.

வடித்த ஒயிலை வாய்க்காலிலோ வளவிலோ ஊற்றாதீர்கள். கரையோரத்து மணலில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. ஊற்றியது கிணற்றுக்கு வந்துசேரும். மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள்.