குறுஞ்செய்தியில் கட்டண இணைப்பு: அனுப்புவோர் கடமையும் பெறுவோர் கவனமும்

சிறு வணிகம் நடத்தும் நம் வாடிக்கையாளர் பலருக்கு, விற்பதைக் காட்டிலும் விற்றதற்குரிய தொகையை வசூலிப்பதே பெரும்பாடாக உள்ளது. பில்லை நேரில் கொடுத்து, பன்முறை நினைவூட்டி, வசூலுக்கு ஆள் அனுப்பிய நிலை இன்று மாறி வருகிறது. கணக்கு மென்பொருளே தொகைக்குரிய இணைப்பை உருவாக்கி, வாடிக்கையாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுகிறது. ‘பேமெண்ட் லிங்க்’ எனப்படும் இவ்வசதி இரு தரப்புக்கும் நன்மை தருவது. ஆனால், “மின் கட்டணம் செலுத்தப்படவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்” என்று அச்சுறுத்தும் மோசடிச் செய்திகளும் இதே வழியில்தான் வருகின்றன. நேர்மையான வணிகரின் செய்தி இவற்றினின்று வேறுபட்டுத் தெரிய வேண்டும். அதற்கான வழிகளை இப்பாடத்தில் காண்போம்.

இணைப்பு உருவாகும் விதம்

குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பணி முடிந்ததும் ஊழியர் பில் விவரத்தை மென்பொருளில் பதிகிறார். மென்பொருள் அதனை வங்கிக்கோ, ‘பேமெண்ட் அக்ரிகேட்டர்’ எனப்படும் கட்டணத் திரட்டு நிறுவனத்துக்கோ அனுப்பி, அந்த ஒரு பில்லுக்கு மட்டும் உரிய இணைப்பைப் பெறுகிறது. வங்கியல்லாத திரட்டு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றிருத்தல் வேண்டும். 2020 மார்ச் 17 அன்று வெளியான வழிகாட்டு நெறிகள் இதனை வகுத்தன. ஒப்பந்தம் செய்யுமுன் இவ்வனுமதியை உறுதி செய்துகொள்வது வணிகரின் முதற்கடமை.

இணைப்பில் பில் எண், தொகை, செல்லுபடியாகும் கடைசி நாள் ஆகிய மூன்றும் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருமுறை பணம் செலுத்தியதும் அது மூடிக்கொள்ளுமாறு அமைத்தால், ஒரே பில்லுக்கு இருமுறை பணம் வருவதும், திருப்பித் தரும் தொல்லையும் நேரா. பணம் வந்தவுடன் மென்பொருளுக்குத் தானாகவே அறிவிப்பு வரும். அவ்வறிவிப்பையும் வங்கிக் கணக்கையும் கொண்டே வரவு வைத்தல் வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் திரைப்படத்தை, அதாவது ‘ஸ்கிரீன்ஷாட்’டைச் சான்றாகக் கொள்ளலாகாது.

செய்தி செல்லும் வழி

வணிகக் குறுஞ்செய்திகளை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. அவற்றின்படி வணிகர் முதலில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. தளத்தில் தம் நிறுவனத்தைப் பதிய வேண்டும். அடுத்து, அனுப்புநராகத் தோன்றும் ஆறெழுத்துத் தலைப்பையும், செய்தியின் வாசக மாதிரியையும் பதிய வேண்டும். வாசகத்தில் பில் எண், தொகை போன்ற மாறும் இடங்கள் மட்டும் காலியாக விடப்படும்.

2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டிப் பதிந்து ஏற்கப்படாத இணையமுகவரி அடங்கிய வணிகச் செய்திகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தடுத்துவிடுகின்றன. மென்பொருள் சரியாக இயங்கியும் செய்தி போய்ச் சேரவில்லையெனில், முதலில் இப்பதிவைச் சரிபார்க்கலாம். எவரும் உருவாக்கக்கூடிய பொதுவான சுருக்க முகவரிகளைத் தவிர்ப்பதும் நன்று. சுருங்கிய முகவரி யாருடையது என்பதை வாசிப்பவர் அறிய இயலாது.

தமிழில் எழுதும்போது

ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறியீடுகள் இடம்பெறும். தமிழில் 70 மட்டுமே. மேலும், ‘கி’ என நாம் ஓரெழுத்தாக எண்ணுவதைக் கணினி இரண்டாகக் கொள்ளும். அளவு மிகுந்தால் செய்தி பல பகுதிகளாகி, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கூடும். ஆகவே, சுருக்கம் தேவை. ஆயினும் அடையாளம் குறையலாகாது. ஒரு மாதிரி:

“பில் எண் 214, குடிநீர் இயந்திரப் பராமரிப்பு, ரூ.1,450. செலுத்த: (இணைப்பு). ஐயமெனில் பில்லில் உள்ள எண்ணில் கேட்கவும்.”

இது ஒரே பகுதியில் அடங்காது. எனினும் இதன் இறுதி வாக்கியத்தை நீக்க வேண்டாம். மோசடிக்காரர் தம் செய்தியிலேயே ஓர் எண்ணைத் தந்து அழைக்கச் சொல்வார். வாடிக்கையாளரின் கையில் ஏற்கனவே உள்ள பில்லைப் பார்க்கச் சொல்ல அவரால் இயலாது.

பெறுவோர் கவனத்துக்கு

பெறப்படும் இணைப்பு ஒரு கோரிக்கையே. கடன் உள்ளது என்பதற்குச் சான்றன்று. நாம் பெற்ற பொருளுக்கோ சேவைக்கோ உரிய தொகைதானா என்று முதலில் பாருங்கள். டிராய் இணையதளத்தில் ஒரு தலைப்பு எந்த நிறுவனத்துக்குரியது எனத் தேடி அறியலாம். பணம் செலுத்துமுன் திரையில் தோன்றும் பெறுநர் பெயரையும் தொகையையும் வாசியுங்கள். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் அனுப்புவதற்கே தேவை; பெறுவதற்குத் தேவையில்லை. பணம் தருவதாகச் சொல்லி அவ்வெண்ணைக் கேட்பது மோசடியே. இணைப்பைத் தொட்டதும் ஏதேனும் செயலியை நிறுவச் சொன்னால் உடனே விலகுங்கள்.

ஏமாந்தது தெரிந்தால் தயங்காமல் வங்கிக்கும், 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். இதில் காலமே பெரிது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, ரகசிய விவரங்களைப் பகிர்ந்த கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை வாடிக்கையாளரையே சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். வெட்கத்தால் கடத்தும் ஒவ்வொரு மணிநேரமும் இழப்பைப் பெருக்கக்கூடும்.

நிறைவாக

“என் வாடிக்கையாளர் என்னை அறிவார், பதிவெல்லாம் எதற்கு?” என்று சில வணிகர் கருதி, தம் சொந்தக் கைப்பேசியிலிருந்தே இணைப்பை அனுப்புகின்றனர். அன்றைய வசூல் நடந்துவிடும். ஆனால், பெயரறியாப் பத்திலக்க எண்ணிலிருந்து வரும் இணைப்பைத் தொட்டுப் பணம் செலுத்தும் பழக்கமும் அவ்வாடிக்கையாளருக்கு உண்டாகிவிடும். நாளை அதே போன்ற செய்தியை வேறொருவர் அனுப்பும்போது, அவர் தயங்குவதற்குக் காரணம் இராது. பதிந்த தலைப்பு, ஒரே வாசகம், பில்லோடு பொருந்தும் எண் ஆகியவற்றை மாதந்தோறும் மாறாமல் கடைப்பிடிக்கும் வணிகர், தம் வசூலோடு தம் வாடிக்கையாளரின் பணத்தையும் காக்கிறார்.