பரிவும் தடையாகலாம்: வேலைவாய்ப்பு ஆலோசகர்களும் மனநோய் குறித்த களங்க உணர்வும்

மனநோயிலிருந்து தேறிவரும் இளைஞர் ஒருவர் தம் தாயுடன் வேலைவாய்ப்பு ஆலோசகரின் முன் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். அவர் பட்டம் பெற்றவர். கணக்கு எழுதிய அனுபவமும் உடையவர். கோப்பில் ‘மனச்சிதைவு நோய்’ என்னும் சொல்லைக் கண்டதும் ஆலோசகரின் குரல் கனிகிறது. “இப்போது என்ன அவசரம், தம்பி? முதலில் மெழுகுவத்தி செய்யும் பயிற்சிக்குச் சென்று பழகுங்கள். வேலையைப் பிறகு பார்க்கலாம்” என்கிறார். தாய் நன்றி கூறி எழுகிறார்.

இங்கே எவரும் எவரையும் இகழவில்லை. ஆயினும் ஒரு கதவு அடைபட்டுவிட்டது. இளைஞரின் விருப்பம் யாது என்று ஒருமுறையேனும் கேட்கப்படவில்லை. களங்க உணர்வு வெறுப்பாக மட்டுமன்றி, பரிவின் வடிவிலும் வரக்கூடும். இதுவே இப்பாடத்தின் மையக்கருத்து.

இவ்வெண்ணம் தோன்றுவது ஏன்?

நலமடைந்து பணியில் நிலைத்தவர்கள் ஆலோசகரிடம் மீண்டும் வருவதில்லை. இடர்ப்படுவோரே திரும்பத் திரும்ப வருகின்றனர். ஆகவே, தாம் காண்போரைக் கொண்டே அனைவரையும் அளவிடும் பிழை நேர்கிறது. மேலும், தாம் பரிந்துரைத்தவர் பணியை விட்டு விலகினால் நிறுவனத்தாரிடம் தம் நற்பெயர் கெடும் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. வேலை செய்யும் விருப்பமே அதில் தகுதி. நோயின் பெயரைக் காட்டி எவரையும் விலக்குவதில்லை. நீண்ட முன்பயிற்சிக்குக் காத்திராமல், விரும்பிய வேலையை விரைவில் தேடித் தந்து, பணியில் சேர்ந்த பின்னரும் துணைநிற்பர். வேலைவாய்ப்பு ஆலோசகர் மருத்துவக் குழுவுடன் இணைந்தே செயற்படுவார்.

ஐரோப்பாவின் 6 மையங்களில், கடுமையான மனநோயுள்ள 312 பேரிடம் இம்முறை ஆராயப்பட்டது. முடிவுகள் 2007ஆம் ஆண்டு வெளியாயின. 18 மாதங்களுள் ஒரு நாளேனும் ஊதியப் பணி செய்தோர் இம்முறையில் 55 விழுக்காட்டினர். முன்பயிற்சி முறையில் 28 விழுக்காட்டினர். மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் முறையே 20, 31 விழுக்காட்டினர். வேலைக்குச் சென்றால் நோய் திரும்பிவிடும் என்று அஞ்சும் குடும்பத்தார் இக்கடைசி எண்களை மனத்திற் கொள்ளுதல் நன்று.

மனப்போக்கு மாறுவது எவ்வாறு?

அறிவுரையினும் நேர்ப்பழக்கமே களங்க உணர்வைக் குறைக்க வல்லது என்பது ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. மனநோயுடன் வாழ்ந்துகொண்டே பணிபுரிவோர், ஆலோசகர்களின் பயிற்சியில் ஆசிரியராக அமர்தல் வேண்டும். அன்றாடப் பணியில் ஆலோசகர்கள் கைக்கொள்ள வேண்டியவை:

- கோப்பைத் திறக்குமுன் “உங்களுக்கு எவ்வேலை விருப்பம்?” என்று வினவுதல்.
- நோயைப் பற்றி நிறுவனத்தாரிடம் கூறுவதா, வேண்டாவா என்னும் முடிவை உரியவரிடமே விடுதல்.
- இரவு மருந்தால் காலையில் அயர்வு உள்ளவருக்குச் சற்றுத் தாமதமாகத் தொடங்கும் பணிநேரம், மருத்துவரைக் காண விடுப்பு போன்ற எளிய வசதிகளைக் கேட்டுப் பெற்றுத் தருதல்.

சட்டமும் துணைநிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைக் குறைபாடுகளுள் மனநோயும் ஒன்று. அரசு நிறுவனங்கள் பணியில் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கிறது.

குடும்பத்தாரின் பங்கு

ஆலோசகர் “பிறகு பார்க்கலாம்” என்றால், “எதற்காக? எந்நாள் வரை?” என்று பணிவுடன் கேளுங்கள். தெளிவான விடை இல்லையெனில் உங்கள் மருத்துவக் குழுவிடம் கூறுங்கள். ஆலோசகருடன் அவர்கள் உரையாட இயலும்.

சிந்திக்க

1. நம் இல்லத்தில் உள்ளவரிடம், அவர் விரும்பும் வேலை எதுவென்று கடைசியாக எப்போது கேட்டோம்?
2. அவரைக் காக்கும் எண்ணத்தில், அவருக்குரிய முடிவை நாமே எடுத்துவிட்டோமா?