மலிவாக வந்த எவர்சில்வர் தகடு

உங்கள் வீட்டில் எவர்சில்வர் தட்டு இருக்கும். டம்ளர் இருக்கும். அவை முதலில் தகடாக இருந்தவை. தகட்டைச் செய்வது பெரிய ஆலை. நம் நாட்டில் அத்தகைய ஆலைகள் உண்டு. சேலம் உருக்காலை அவற்றில் ஒன்று. ஒடிசாவில் ஜாஜ்பூரிலும் ஓர் ஆலை இருக்கிறது.

அந்தத் தகட்டை வாங்கித் தட்டும் குடமும் செய்பவை சிறு பட்டறைகள். டெல்லியில் வசீர்பூர், திருப்பூர் பக்கம் அனுப்பர்பாளையம் என்று பல ஊர்களில் இந்தத் தொழில் நடக்கிறது.

வெளிநாட்டுத் தகடும் கப்பலில் வருகிறது. சீனாவிலிருந்து நிறைய வருகிறது. சில சமயம் அதன் விலை நம் ஆலை விலையை விடக் குறைவாக இருக்கிறது.

விலை குறைந்தால் நல்லதுதானே? யாருக்கு நல்லது என்று கேட்க வேண்டும். ஒரு குடும்பத்தில் அண்ணன் தகடு ஆலையில் வேலை செய்கிறார், தம்பி பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"மலிவா தகடு கிடைச்சாத்தாண்ணா நான் நாலு பேருக்குக் கூலி கொடுக்க முடியும்" என்கிறார் தம்பி.

"நீ சொல்றது சரிதான் தம்பி. ஆனா எங்க ஆலையில சரக்கு விக்காம அடுக்கி வெச்சிருக்கு. ஒரு ஷிப்டையே குறைச்சுட்டாங்க" என்கிறார் அண்ணன்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் வயிறு இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்கைத்தான் அரசு விசாரிக்கிறது.

விசாரிக்கும் அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. அதன் பெயர் வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம். பெயர் நீளம்தான். மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் அது வருகிறது. 2018 முதல் இந்தப் பெயர். 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டமும், 1995-இல் வந்த விதிகளும் அது எப்படி விசாரிக்க வேண்டும் என்று சொல்கின்றன.

விலை குறைவு என்பது மட்டுமே குற்றமாகாது. திறமையாக வேலை செய்து மலிவாக விற்றால் அது நியாயமான வியாபாரம். பிறகு எது நியாயமில்லாத விலை?

ஒரு கணக்குப் போடுவோம். இந்த விலைகள் கணக்குக்காகச் சொல்பவை. வெளிநாட்டு ஆலை ஒன்று தன் நாட்டில் ஒரு கிலோ தகட்டை 150 ரூபாய்க்கு விற்கிறது. அதே தகட்டை நமக்கு 120 ரூபாய்க்கு அனுப்புகிறது. கப்பல் கூலி போன்ற செலவுகளை நீக்கிவிட்டு, ஆலை வாசலில் இருந்த விலையைத்தான் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 30 ரூபாய். சொந்த ஊரில் விற்பதை விடக் குறைத்து அடுத்த நாட்டில் கொண்டுவந்து கொட்டுவதைப் பொருள் குவிப்பு என்கிறார்கள். இந்த வித்தியாசம் மிகச் சிறியதாக, அனுப்பிய விலையில் நூற்றுக்கு 2-க்கும் குறைவாக இருந்தால் விசாரணையை அதோடு முடித்துவிட வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. அங்குள்ள அரசே ஆலைக்கு உதவுகிறது. குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறது. நிலத்தைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறது. வரியைத் தள்ளுபடி செய்கிறது. அப்போது ஆலை மலிவாக விற்க முடிகிறது. நம் ஆலை போட்டியிடுவது இன்னோர் ஆலையோடு அல்ல, ஓர் அரசாங்கத்தின் கஜானாவோடு. இதற்குப் போடும் வரி வேறு. மானியத்தை ஈடுகட்டும் வரி என்று அதைச் சொல்லலாம்.

விசாரணை எப்படித் தொடங்குகிறது? நம் நாட்டு ஆலைகள் மனு கொடுக்க வேண்டும். ஏதோ ஒரு சிறு ஆலை மட்டும் போய்க் கேட்டால் போதாது. நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 25 பங்காவது மனுவை ஆதரிப்பவர்களுடையதாக இருக்க வேண்டும். மனுவில் விஷயம் இருந்தால் அரசிதழில் அறிவிப்பு வரும்.

பிறகு மூன்று கேள்விகள். நியாயமில்லாத விலையில் சரக்கு வந்ததா? நம் ஆலைக்குச் சேதம் உண்டா? அந்தச் சேதம் அந்தச் சரக்கால்தான் வந்ததா? மூன்றாவது கேள்வியை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஓர் ஆலை தன் நிர்வாகக் குறையால் நஷ்டப்பட்டிருக்கலாம். அந்தப் பழியை வெளிநாட்டுத் தகட்டின் மேல் போட முடியாது.

நம் கணக்கில் வித்தியாசம் 30 ரூபாய். ஆனால் 20 ரூபாய் வரி போட்டாலே நம் ஆலையின் சேதம் தீரும் என்றால், 20 ரூபாய்தான் பரிந்துரைப்பார்கள். அதற்கு மேல் போட்டால் சுமை தம்பியின் பட்டறை மேல்தானே விழும்?

தம்பிக்கும் இந்த விசாரணையில் இடம் உண்டு. பொருளை வாங்கித் தொழில் செய்பவர்களுக்கும், நுகர்வோர் அமைப்புகளுக்கும் தகவல் தர வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் பதில் எழுத்தில் வேண்டும். கேள்விப் பட்டியலுக்குப் பதில் தர 30 நாள் கெடு. எவ்வளவு தகடு வாங்கினோம், என்ன விலைக்கு வாங்கினோம், வரி போட்டால் எவ்வளவு பாதிப்பு என்று கணக்கோடு எழுத வேண்டும். தகவல் தராதவர் விஷயத்தில், கையில் இருக்கும் விவரத்தை வைத்தே அதிகாரி முடிவு செய்யலாம்.

பெரிய ஆலைக்கு வக்கீல் உண்டு, கணக்கர் உண்டு. பட்டறையில் பல சமயம் ஒரு நோட்டுப் புத்தகம்தான் இருக்கும். அறிவிப்போ ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. படித்தவர்களே அதை இரண்டு முறை படிக்க வேண்டும். அதனால் பட்டறைக்காரர்கள் தனித்தனியாகப் போகாமல் சங்கமாகச் சேர்ந்து எழுதுவதுதான் நடக்கிற காரியம். ஆனாலும் சங்கத்துக்குக் கொடுக்க ஒவ்வொருவரிடமும் ரசீது இருக்க வேண்டும்.

உண்மையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். சீன எவர்சில்வர் தகட்டுக்கு அந்நாட்டு அரசு மானியம் தருகிறதா என்று 2016-இல் விசாரணை தொடங்கியது. 2017 செப்டம்பரில் வரி வந்தது. நூற்றுக்கு 18.95. அதாவது 100 ரூபாய்த் தகட்டுக்கு 18 ரூபாய் 95 காசு. முன்பே பொருள் குவிப்பு வரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். இந்த வரி ஐந்து ஆண்டுக்கு என்று போடப்பட்டது. அண்ணன்மார்களுக்கு மூச்சு வந்தது. தம்பிமார்களுக்கு மூச்சு முட்டியது.

ஆனால் ஐந்து ஆண்டு முழுவதும் அது ஓடவில்லை. 2021 பிப்ரவரியில் அரசு அதை நிறுத்தி வைத்தது. 2022 பிப்ரவரி பட்ஜெட்டில் ரத்தே செய்துவிட்டது. உலோகங்களின் விலை மிகவும் ஏறிவிட்டது, பொதுநலன் கருதி எடுத்துவிடுகிறோம் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் காரணம் சொன்னார். இந்த முறை மூச்சுவிட்டது தம்பி.

வர்த்தக அமைச்சகத்தின் அலுவலகம் விசாரித்துச் சொல்ல, நிதி அமைச்சகம் ஏன் எடுத்தது? விசாரிப்பவர் ஒருவர், வரி போடுபவர் வேறொருவர். இயக்குநரகம் பரிந்துரைதான் செய்யும். நிதி அமைச்சகம் அதை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். பத்திரிகையில் "வரி விதிக்கப் பரிந்துரை" என்று படித்தால், வரி இன்னும் வரவில்லை என்று அர்த்தம். "விசாரணை தொடக்கம்" என்று படித்தால், எழுதிக் கொடுக்கும் கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்தச் செய்திகள் பெரும்பாலும் உள்பக்கத்தில், சிறிய எழுத்தில் இருக்கும்.

"பாதுகாப்பு வரி" என்ற சொல்லும் கண்ணில் படும். அது வேறு. அதற்கு நியாயமில்லாத விலை என்று நிரூபிக்க வேண்டாம். இறக்குமதி திடீரென்று பெருகி, நம் தொழிலுக்குப் பெரும் சேதம் வந்தால் போதும். 2025 ஏப்ரலில் சிலவகை எஃகுத் தகடுகளுக்கு 200 நாளுக்கு நூற்றுக்கு 12 என்று இந்த வரியைத்தான் போட்டார்கள்.

உங்கள் ஊரில் பாத்திரப் பட்டறையோ கிரில் பட்டறையோ இருக்கிறதா? அங்கே தகடு எந்த நாட்டிலிருந்து வருகிறது? கிலோ என்ன விலை? போன வருடம் என்ன விலை? கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த வகுப்பில் படித்துப் பார்ப்போம்.